ஏழு ஏற்காடு உயரத்தில் ஒரு நோன்பு

“…அதும் நம்மளாட்டவே டிக்கெட் எடுத்துட்டு வருதாட்ட இருக்குது புள்ள. எறங்கற மாதிரியே காணோம்,” என்றார் என் வீட்டுக்காரர், விமான ஜன்னலில் நெற்றியை ஒட்ட வைத்துக்கொண்டு.

அவர் சொன்னது சூரியனை. அவருடைய கைக்கடிகாரத்தில் நம் ஊர் நேரம் மாலை ஏழைத் தாண்டியிருந்தது. ஏற்காட்டில் அந்நேரம் எல்லா வீட்டிலும் நோன்பு திறந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். எங்களுக்கோ ஜன்னல் வழியே அடித்த வெயில், அவர் தாடியில் நரை எது மருதாணி எது என்று பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பாதி தூரம் வந்திருந்தோம். விடியலுக்கு முன் சாப்பிட்ட சோறும் தண்ணீரும்தான் இருவர் வயிற்றிலும். எனக்கு அது பெரிதில்லை. அவருக்குச் சர்க்கரை. பதினாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதினாலும் முடிந்து போயிருந்தது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நாங்கள் ஏற்காடு கடைவீதியில் மிளகு, காப்பித்தூள், கிராம்பு விற்கிறவர்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சாமான் வாங்குவதைவிட அதிகமாகப் பேச்சைத்தான் விட்டுப் போவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பு பொட்டலம் மடிக்கிற பேப்பரிலும் கடைக்கு வருகிறவர்கள் வாயிலும்தான். யார் என்ன சொன்னாலும் அது எனக்கு அப்படியே மனசில் நிற்கும், எதற்குச் சொன்னார்கள் என்பது மறந்து போனாலும்.

லண்டன் பயணம் என்று தெரிந்ததும் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொன்னார்கள். மகள் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நோன்புப் பெருநாளுக்கு அவளால் வர முடியவில்லை. நீங்கள் வந்துவிடுங்கள் என்று எங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். பெங்களூரிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர், பத்தரை மணி நேரம் பறக்க வேண்டும் என்று அவள் சொன்னதை நான் கடையில் உட்கார்ந்தபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

எங்கள் மலையில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். வாழவந்தியிலிருந்து கொய்யாவும் பேரிக்காயும் கொண்டு வந்து போடும் அம்மாவிடம் ஒரு தடவை, “உங்க காடு ரோட்டுல இருந்து எத்தன தூரம்?” என்று கேட்டேன். “ஒரு வெத்தல போட்டுத் துப்பற தூரமுங்க,” என்றார். அந்த அம்மாதான் எட்டாயிரம் கிலோமீட்டரைக் கேட்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டு, “அத்தன தூரம் போயி அங்கயும் சோறுதானுங்களே திங்கப் போறீங்க?” என்று கேட்டார்.

ஜீப் ஓட்டுகிற தம்பி ஒருவர் உண்டு. அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாத் தூரமும் வளைவுதான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கும். மலையில் ஏறிக்கொண்டிருக்கிறவனிடம் போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், “பன்னெண்டுல இருக்கறேன்” என்பான். ஜீப் தம்பி என்னிடம் கேட்டார்.

“தூரத்த உடுங்க்கா. எத்தன வளைவு?”

“வளைவே இல்லையாமப்பா. நேரா போகுமாம்.”

“அப்பறம் என்னுங்க்கா தூரம்? நானே கண்ண மூடிட்டு ஓட்டீருவேன்.”

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத விஷயம் ஒன்றுதான். பயண நாள் நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாளில் வந்தது. அன்றைக்கும் நோன்பு வைப்பேன் என்றார் இவர்.

பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிட்டு, பிறகு வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். மார்க்கத்திலேயே சலுகை உண்டு. எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அசரத்தும் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். “விடியறதுக்கு முந்தியே ஊரத் தாண்டிருவீங்க. அப்ப நீங்க பயணிதான். ஒடம்பும் செரியில்ல. உட்டுட்டு அப்பறமா வச்சுக்குங்க பாய்.” இவர் தலையை ஆட்டினார். மகள் போனில் சொன்னாள். “அத்தா, அதுக்கு சலுகை உட்டுருக்குதுல்ல?” “உட்டுருக்குது கண்ணு. உட்டே ஆகோணும்னு சொல்லலையே,” என்றார். அவளுக்குத் தெரியும். விவரம் தெரிந்த வயதிலிருந்து ஒரு நோன்பு தவறியதில்லை அவருக்கு. காய்ச்சலில் கிடந்தபோதும், வீட்டில் துக்கம் நடந்தபோதும் விட்டதில்லை.

அதற்கு முந்தின வருடம் நோன்போடு கடையில் மயங்கி விழுந்தார். மிளகு மூட்டை மேலேயே சாய்ந்ததால் அடிபடவில்லை. காப்பித்தூள் வாங்க வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் தண்ணீரைத் தெளித்து எழுப்பினார்கள். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்களா?” சேலத்து மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னார். நோன்பு வைத்தே தீருவேன் என்றால் மாத்திரையை மாற்றித் தருகிறேன். விடியலுக்கு முன் சாப்பிடுகிற சகர் சோற்றை விடக்கூடாது. பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆகக்கூடாது. வேர்த்தாலோ கை நடுங்கினாலோ அந்த இடத்திலேயே இனிப்பு. நம் ஊரில் விடியலிலிருந்து சூரியன் மறைகிற வரைக்கும் ஏறக்குறைய பதினாலு மணி நேரம்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அந்த வருடம் மிச்ச நோன்பு முழுக்க நான் அவருடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தேன்.

இவருக்கு நோன்பு திறக்கிற நேரம் அட்டையில் இல்லை, வானத்தில்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் நாங்கள் கரடியூரில் குடியிருந்தோம். அங்கே எஸ்டேட்டுகளில் காப்பிக்கொட்டை வாங்கிச் சேலத்துக்கு அனுப்புவார். பள்ளிவாசல் ஏற்காட்டில்; பாங்குச் சத்தம் எங்கள் வீட்டுக்கு எட்டாது. எங்களிடம் இருந்தது சேலத்தில் அச்சடித்த நோன்பு நேர அட்டை மட்டும். நான் சேலத்தில் பிறந்தவள். அட்டையில் போட்டிருந்த நேரம் வந்ததும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டேன். பத்து எட்டு தள்ளியிருந்த பாறையிலிருந்து இவர் இறங்கி வந்தார்.

“என்ன புள்ள, தொறந்துட்டியா?”

“நேரமாயிருச்சுங்களே.”

“யாருக்கு?” என்று என் கையைப் பிடித்துப் பாறைக்குக் கூட்டிப்போனார். கீழே சமவெளி இருட்டத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு எதிரே சூரியன் தோசைக்கல் அளவுக்கு முழுசாக நின்றது. கீழே இருக்கிறவர்களுக்கு மறைந்த பிறகும் மேலே இருக்கிறவர்களுக்கு நாலைந்து நிமிடம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “சேலத்துக்காரி சேலத்து நேரத்துக்கே தொறந்துட்டா,” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த நோன்பை மறுபடி வைத்தேன். அதிலிருந்து அவர் வாயில் பழத்தைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் போடுவேன். யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை.

அந்தக் கரடியூர் மாலைகள் எனக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன. அடுப்பில் கஞ்சி, வெந்தய வாசனை, வாசலில் காயப்போட்ட காப்பிக்கொட்டையை அள்ளிக் கட்டும் சத்தம். இவர் பாறையில் ஒரு தோளில் துண்டோடு நிற்பார். சூரியன் முழுசாக மறைந்ததும் துண்டை உதறி அடுத்த தோளில் போடுவார். அதுதான் எனக்குப் பாங்கு. கஞ்சிச் சட்டியை இறக்குவேன். பக்கத்துத் தோட்டத்து விவசாயி ஒருவர், நெற்றி நிறைய திருநீறு பூசியவர், மாலை வேலையை முடிப்பதற்கும் அந்தத் துண்டைத்தான் பார்ப்பார். “பாய் துண்டு மாத்தீட்டாரு, ஊட்டுக்குப் போலாம்,” என்று பெண்டாட்டியைக் கூப்பிடுவார். பிற்பாடு கடைவீதிக்குக் குடி வந்தோம். ஏற்காட்டுப் பள்ளிவாசலில் மலைக்கான நிமிடங்களைச் சேர்த்துத்தான் பாங்கு சொல்வார்கள். ஆனாலும் மழை மூடாத நாளெல்லாம் இவர் மேற்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். இப்போது பிள்ளைகளின் போனே அந்தந்த ஊருக்கு நேரம் சொல்கிறது. துண்டைப் பார்க்க ஆளில்லை. எனக்கு மட்டும் மாலை ஆறரைக்குக் கண் தானாக அந்தப் பக்கம் போகிறது.

மலைக்காரருக்கு உயரம் புரியும். அதனால்தான் அந்தத் தப்புக் கணக்கு வந்தது.

பயணத்துக்கு முந்தின வாரம் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டார். “ஏற்காடு ஐயாயிரம் அடி. சேலத்தவிட நமக்கு அஞ்சு நிமிசம் தள்ளி மறையுது. பிளேனு முப்பத்தஞ்சாயிரம் அடியில போகுதாம். அப்ப ஏழு ஏற்காடு. ஏழஞ்சு முப்பத்தஞ்சு. நம்ம நேரத்துக்கு மேல ஒரு முப்பத்தஞ்சு நிமிசம் பொறுத்தாப் போதும்.”

ஜீப் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னும் மேல போகுமுங்க. எட்டு ஏற்காடுன்னு வச்சுக்குங்க.”

“எட்டுன்னா நாப்பது. அஞ்சு நிமிசத்துல என்னப்பா ஆயிரப் போகுது?”

கடையில் இருந்த அத்தனை பேரும் ஏழா எட்டா என்று சண்டை போட்டார்கள். எந்தத் திசையில் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மதியம் கிளம்புகிறோம், பத்தரை மணி நேரம், நடுவில் மறைந்துவிடும், சாப்பாட்டைத் திறந்து உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். முப்பத்தஞ்சு நிமிடத்தை எப்படியாவது தாங்க வைத்துவிடலாம் என்று இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டுச் சகர் சோறு போட்டேன்.

விடியலுக்கு முன் மலை இறங்கினோம். ஜீப் தம்பிதான் காரை ஓட்டினார். இருபது வளைவும் முடிந்ததும், “அக்கா, உங்களுக்கு வளைவு இத்தோட முடிஞ்சுது. இனி லண்டன் வரைக்கும் நேர் ரோடு,” என்றார்.

பெங்களூர் விமான நிலையத்தில் சோதனை செய்கிற இடத்தில் என் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் நோன்புக் கஞ்சி. தண்ணியாக எதுவும் கொண்டுவராதீர்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். கஞ்சி எப்படித் தண்ணியாகும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கிருந்த அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

“உள்ள கொண்டு போக முடியாதும்மா. இங்கயே குடிச்சிட்டுப் போங்க.”

“குடிக்க முடியாதுங்களே,” என்றார் இவர்.

“ஏன், கெட்டுப் போச்சா?”

“கெடலீங்க. நாங்கதான் நோன்பு.”

அவர் பிளாஸ்க்கையும் எங்களையும் பார்த்தார். “குடிக்கவும் மாட்டீங்க, உடவும் மாட்டீங்க. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார், எங்களிடமே யோசனை கேட்கிற மாதிரி. கடைசியில் கஞ்சி அங்கேயே நின்றது. பேரீச்சம்பழ டப்பா மட்டும் எங்களோடு வந்தது.

விமானத்தில் இவருக்கு ஜன்னலோரம், எனக்கு நடு இடம். எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நாமக்கல்காரர். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவர், மகன் வீட்டுக்குப் போகிறார். பெல்ட்டைப் போடுவதற்குள் எங்கள் ஊர், பேர், வியாபாரம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். மதியச் சாப்பாடு வந்தபோது நாங்கள் வேண்டாம் என்றதும் என்னவென்று கேட்டார். நோன்பு என்றேன். அவர் பாதித் தட்டைச் சாப்பிட்டிருந்தார். மிச்சத்தை மூடிவிட்டு, “முன்னயே சொல்லியிருந்தா நானும் பின்னாடி எங்கியாச்சும் போயித் தின்னிருப்பேனுங்களே,” என்றார்.

முன் இருக்கையின் முதுகில் ஒரு சின்னத் திரை. அதில் ஒரு வெள்ளை விமானம் கடலையும் மலையையும் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. போக வேண்டிய தூரம், ஆக வேண்டிய நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியது. இவர் அதைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார். கீழே பனி மூடிய மலைகள் வந்தன. “நம்ம மலைய இங்க கொண்டாந்து வச்சா உப்புக்கல்லாட்டந்தான் தெரியும் புள்ள,” என்றார். அதுவரைக்கும் நல்ல உற்சாகமாகத்தான் இருந்தார்.

கடிகாரத்தில் ஆறரை ஆனது. வெளியே பிற்பகல் நாலு மணி வெயில். சரி, இன்னும் ஏழு ஏற்காடு இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தோம். ஏழைத் தாண்டியது. முப்பத்தஞ்சு நிமிடமும் போனது. ஜீப் தம்பிக்காக நாற்பதும் போனது. சூரியன் இறங்குவதாகவே இல்லை. அப்போதுதான் அதுவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறது என்று இவர் சொன்னார்.

நாமக்கல்காரர் எட்டிப் பார்த்தார். “என்னுங்க பாய், எதப் பாக்கறீங்க?”

“சூரியன் மறைஞ்சாத்தானுங்க நாங்க வாய் நனைக்கோணும்.”

அவர் திரையில் ஊர்ந்த விமானத்தைக் காட்டினார். “அது எப்படிங்க மறையும்? நாம மேக்கால போறோம். அதும் மேக்கால போகுது. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸு. அது நம்ம முன்னாடி சீட்டு, அவ்வளவுதான். மறையோணும்னா நாம வண்டியத் திருப்போணுமுங்க.”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து போட்ட கணக்கு அவர் முகத்தில் கலைவதைப் பார்த்தேன். நாமக்கல்காரர் விடவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, லண்டனில் சூரியன் எப்போது மறையும் என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். அந்தப் பெண் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். நாம் இறங்கும்போதும் வெளிச்சம் இருக்கும். அதற்குப் பிறகுதான் மறையும். நாமக்கல்காரர் அதை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்து, “ஏனுங்க, நம்மூருல நடுராத்திரி தாண்டீருமுங்களே,” என்றார்.

பதினாலு அல்ல. இருபது மணி நேரத்தை நெருங்குகிற கணக்கு.

நான் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். “எடுத்துக்குங்க. அசரத்தே சொல்லீட்டாரு.”

“அவர் சொன்னது செரிதான்.”

“அப்பறம் என்னுங்க?”

“கண்ணு முன்னாடி நிக்குது புள்ள. அது நிக்கறப்ப எப்படித் தொறக்கறது? இத்தன வருசத்துல ஒருக்காவாச்சும் அப்படித் தொறந்திருக்கறனா?”

நாமக்கல்காரருக்கு நல்ல மனசு. அவர் எக்கி ஜன்னலின் இழுப்புப் பலகையைக் காட்டினார். “இத இழுத்து உட்டுட்டா மறைஞ்சிருமுங்க பாய்.”

அன்றைக்கு இவர் சிரித்தது அப்போதுதான். “அது நாம மறைக்கறதுங்க. அது மறையறது இல்லீங்க.”

டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கெஞ்சிப் பார்த்தேன். நாம் இறங்குகிற இடத்தில் மகள் நிற்பாள், அவளுக்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டேன். கடையில் மயங்கியது போல இங்கே மயங்கினால் மிளகு மூட்டை கூட இல்லையே என்றேன். எல்லாவற்றுக்கும் “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். அவர் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். கடன் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். பிறகு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். விமானம் திரையில் ஒரு கடலைத் தாண்டி, பேர் வாயில் நுழையாத ஊர்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் பட்டு மினுங்குகிறதா, வேர்வையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முந்தானையால் ஒற்றிப் பார்த்தேன். துணி நனைந்தது.

“ஏனுங்க.”

“ம்.”

“கையக் குடுங்க.”

கொடுத்தார். விரல்கள் என் உள்ளங்கையில் நிற்காமல் நடுங்கின. அவரே அதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். “குளுருது,” என்றார்.

அதற்கு மேல் நான் கெஞ்சவில்லை. கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் சூரியனைப் பார்த்தீர்களே, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எனக்கும் காலையிலிருந்து ஒற்றைத் தலைவலி. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது சாப்பாட்டு வண்டி வந்தது. சூடான ரொட்டி வாசனை வரிசை வரிசையாக எங்களை நோக்கி வந்தது. பணிப்பெண் மூன்று தட்டுகளை நீட்டினாள். நாமக்கல்காரர் தன் தட்டை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமல் உட்கார்ந்தார்.

“சாப்புடுங்கண்ணா, ஆறீரும்,” என்றேன்.

“இருக்கட்டுமுங்க. பசிக்கலீங்க.” அவர் வயிறு கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டது. அவர் நடைவழிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் இப்புடி உக்காந்திருக்கறப்ப எனக்கு எப்படிங்க எறங்கும்?”

இவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், நான் ஒரு கண்ணை மூடி, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“தலவலியா புள்ள?”

“ஒன்னுமில்லீங்க.”

“காத்தாலிருந்தா?”

நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

“நீ தொற. நீ பயணி. உனக்குச் சலுகை இருக்குது.”

“உங்களுக்கு?”

“நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல தொற.”

“நீங்க தொறக்காம நான் எந்த நாள் தொறந்தேன்?” என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. அது அவரைக் கட்டாயப்படுத்தச் சொன்னதும் இல்லை. அவர் பாறையிலிருந்து இறங்கி வருகிற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து எனக்கு வேறு விதம் தெரியாது, அவ்வளவுதான்.

பணிப்பெண் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, வைப்பதா எடுப்பதா என்று நின்றாள். இவர் ஜன்னலைப் பார்த்தார். சூரியன் இறக்கைக்கு மேலே அசையாமல் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். பலகையில் கையை வைப்பார் என்று நாமக்கல்காரர் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். வைக்கவில்லை. முதலில் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, நாமக்கல்காரரின் தட்டில் இருந்த மூடியை அவரே திறந்துவிட்டார். எங்கள் இருவர் தட்டையும் வாங்கி வைத்தார். என் மடியிலிருந்த டப்பாவிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, நடுங்குகிற விரலால் இரண்டாகப் பிய்த்தார். வெயில் முகத்தில் முழுசாக விழ, பிஸ்மி சொல்லி ஒரு பாதியை வாயில் போட்டு, நான் பார்க்கும்படி மென்றுகொண்டே, மறு பாதியை என் வாய்க்குக் கொண்டு வந்தார்.